மொட்டை மாடியிலும் வைஃபை: ஒயர் தொங்கவிடாமல் ஒரு வழி

புதிதாக லேப்டாப் வாங்கி, பிராட்பேண்ட் இணைப்பும் எடுத்த முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் வரை எந்தக் குறையும் தெரியாது. ஒரு நாள் மாலை காற்று வாங்கலாம் என்று லேப்டாப்பை மொட்டை மாடிக்கோ, கொல்லைப்புறத்துக்கோ எடுத்துப் போவீர்கள். அப்போதுதான் தெரியும். வைஃபை அடையாளத்தில் முழுதாக இருந்த கோடுகள் ஒன்றாகக் குறைந்திருக்கும். பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தங்கை சிங்கப்பூரில் இருக்கிறாள். நமக்கு மாலை 6 மணி என்றால் அங்கே இரவு 8.30. பேரன் தூங்கப் போகும் முன் அம்மாவுடன் பேச வேண்டும். ஆனால் கோடைக் காலத்தில் அந்த நேரத்தில் எங்கள் ஹாலில் உட்கார முடியாது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் அப்போதுதான் அனலை இறக்கும். அம்மா கொல்லையில் கிணற்றடியில் துவைக்கிற கல் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவார். பேரன் வாயைத் திறந்தபடியே திரையில் நின்றுவிடுவான். "அண்ணா, அம்மாவை உள்ளே வந்து பேசச் சொல்லு" என்று தங்கை எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்புவாள். அம்மா உள்ளே வரமாட்டார். பேச்சுதான் சுருங்கும்.

உடனே நான் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்யாமல் இருப்பதற்காக. 20 மீட்டர் நீல நிற லேன் கேபிள் வாங்கி, சமையலறை ஜன்னல் வழியாக வெளியே விட்டு, கைப்பிடிச் சுவர் மேல் இழுத்து, சன்ஷேடுக்குக் கீழே ஒரு பழைய ரூட்டரை பிளாஸ்டிக் கவரில் சுற்றித் தொங்கவிட்டேன். வேலை செய்தது. ஆனால் ஜன்னலைச் சாத்த முடியவில்லை. கொசு உள்ளே வந்தது. வெயிலில் கேபிளின் மேலுறை வெளுத்து வெடித்தது. ஓரிடத்தில் அணில் கடித்திருந்தது. அதையும் டேப் சுற்றிச் சமாளித்தேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு பக்கத்தில் எங்கோ இடி விழுந்தது. காலையில் பார்த்தால் வெளியே இருந்த ரூட்டர் மட்டுமல்ல, ஹாலில் இருந்த ரூட்டரும், அதோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரின் லேன் போர்ட்டும் செத்துக் கிடந்தன. வீட்டுக்கு நேராக மின்னல் இறங்கவில்லை. அருகில் இறங்கினாலே போதும், வெளியே நீளமாகக் கிடக்கும் செம்புக் கம்பியில் மின் அழுத்தம் பாய்ந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இப்போது எங்கள் வீட்டில் வெளியே ஒரு ஒயர்கூடத் தெரியாது. கிணற்றடியிலும் வீடியோ தெளிவாக வருகிறது, மாடியிலும் வருகிறது.

தடுப்பது தூரம் அல்ல, தளம்

வைஃபை எட்டவில்லை என்றதும் "பவர்ஃபுல் ரூட்டர் வாங்குங்கள்" என்று கடையில் சொல்வார்கள். திறந்த வெளியில் சாதாரண ரூட்டரின் சிக்னலே 50 மீட்டருக்கு மேல் போகும். உங்கள் மொட்டை மாடி ஹாலில் இருந்து 4 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பிறகு ஏன் எட்டவில்லை?

நடுவில் இருப்பது கான்கிரீட் தளம். நான்கைந்து அங்குல கனம், உள்ளே குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி. அதற்கு மேல் மழைநீர் இறங்காமல் இருக்க செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த ஒரு அடுக்கு, அதற்கும் மேல் தட்டோடு. ரேடியோ அலைக்கு இரும்பும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. மழை பெய்து தளம் ஊறியிருக்கும் நாளில் மாடியில் சிக்னல் இன்னும் குறைவதற்கு இதுதான் காரணம். செங்கல் சுவர் இவ்வளவு மோசமில்லை. ஒன்றிரண்டு சுவர்களை சிக்னல் தாண்டிவிடும். மரக் கதவும் கண்ணாடி ஜன்னலும் பெரிய தடையே இல்லை. தகர ஷீட் போட்டிருந்தால் அது அநேகமாக முழுத் தடை. ஓலைக் கொட்டகை காய்ந்திருந்தால் ஒன்றும் செய்யாது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைய ரூட்டர்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 வேகமானது, ஆனால் சுவரில் சீக்கிரம் களைத்துப்போகும். 2.4 வேகம் குறைவு, ஆனால் சுவர்களை ஓரளவு தாண்டிப் போகும். வெளியே உட்கார்ந்து வீடியோவில் பேச 2.4 தாராளமாகப் போதும். ரூட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்திருந்தால், வெளியே போகும்போது 2.4 உள்ள பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். சில வீடுகளில் பிரச்சினை இத்தோடு தீர்ந்துவிடும்.

பர்ஸைத் திறக்கும் முன்

முதலில் அளந்து பாருங்கள். வைஃபை அடையாளத்தில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம்; ஒவ்வொரு கம்பெனி போனும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரில் 'வைஃபை அனலைசர்' என்று தேடினால் இலவசப் புரோகிராம்கள் கிடைக்கும். ஒன்றை நிறுவி, அதில் உங்கள் ரூட்டரின் பெயருக்கு எதிரே உள்ள எண்ணைப் பாருங்கள். அது மைனஸில் இருக்கும். டிபிஎம் என்பது அதன் அலகு. மைனஸ் 50 என்றால் மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோவில் தடங்கலின்றிப் பேசலாம். மைனஸ் 75 என்றால் மெயில் பார்க்கலாம், பொறுமை வேண்டும். மைனஸ் 85க்கு இணைப்பு அறுந்து அறுந்து வரும். எண்ணில் 10 கூடினால் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள். எனவே 67க்கும் 77க்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்குச் சிறியது, உண்மையில் பெரியது.

போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, எண்ணைத் தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மைனஸ் 60, கொல்லைக் கதவைத் தாண்டியதும் 72, கிணற்றடியில் 81. மாடியின் நடுவில் 86. ஆனால் மாடிப்படியின் மேல்முனையில் 66! இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

அடுத்தது, ரூட்டர் எங்கே இருக்கிறது? இணைப்பு கொடுக்க வந்தவர் தன் கேபிளுக்கு எது பக்கமோ அங்கே மாட்டிவிட்டுப் போயிருப்பார். பெரும்பாலும் டிவிக்குப் பின்னால், அல்லது ஷோகேஸுக்குள், சில வீடுகளில் இரும்பு பீரோவின் மேல். அதை எடுத்து, சுமார் 5 அடி உயரத்தில், திறந்த இடத்தில், நீங்கள் உட்காரும் பக்கத்து ஜன்னலுக்கு நேராக வைத்துப் பாருங்கள். செலவு இல்லை. ஃபைபர் கேபிளை மட்டும் மடக்கி ஒடித்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை. நீளம் போதவில்லை என்றால் இணைப்பு கொடுத்தவரையே அழையுங்கள்.

ரூட்டரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனா இருந்தால், எல்லாவற்றையும் சிப்பாய் போல நிமிர்த்தி வைக்காதீர்கள். நிமிர்ந்த ஆன்டெனாவின் சிக்னல் பக்கவாட்டில் வடை போலப் பரவும்; அதன் நுனிக்கு நேர் மேலே மிகக் குறைவு. மாடிக்கும் சிக்னல் போக வேண்டுமென்றால் ஒன்றைப் படுக்கை வசமாகச் சாய்த்துவிடுங்கள்.

மாடிப்படிதான் வழி

இப்போது அந்த 66க்கு வருவோம். கான்கிரீட் தளம் முழுக்க மூடியிருக்கிறது என்று நினைக்கிறோம். இல்லை. நம் வீடுகளில் தளத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதுதான் மாடிப்படி. உள்பக்கமாகப் படி ஏறும் வீடு என்றால் சிக்னல் அந்த வழியாகவே ஏறி, மேலே ஹெட்ரூம் வரை வந்து, கதவு மூடியிருப்பதால் அங்கேயே நிற்கும். ஹெட்ரூமில் பெரும்பாலும் ஒரு விளக்கும் சுவிட்ச் போர்டும் இருக்கும். மேலே கூரை இருக்கிறது, மழை படாது. ஒரு கருவியை வைக்க இதைவிட நல்ல இடம் வேறு வேண்டுமா?

1,500 ரூபாய் அளவில் கிடைக்கும் ஒரு ரிப்பீட்டரை, அதாவது சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் சின்னப் பெட்டியை, அந்த ஹெட்ரூம் பிளக்கில் செருகினேன். அடுத்த நாள் மாடியின் நடுவில் மைனஸ் 63. எங்கள் ஹெட்ரூம் கதவு மரம். இரும்புக் கதவு என்றால் பேசும்போது அதைத் திறந்து வைக்க வேண்டும், அல்லது பக்கவாட்டு ஜாலிக்கு நேராகப் பெட்டியை வைக்க வேண்டும்.

ரிப்பீட்டர் விஷயத்தில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. எங்கள் தெருவில் ஒருவர் அதை வாங்கி நேராக மாடியில் சிக்னலே இல்லாத மூலையில் மாட்டிவிட்டு, "இது டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார். ரிப்பீட்டர் சிக்னலை உற்பத்தி செய்வதில்லை. வருவதைத்தான் திருப்பிச் சொல்கிறது. தனக்கே சரியாகக் கேட்காததை அது எப்படி அடுத்தவருக்குச் சொல்லும்? நல்ல சிக்னல் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், உங்கள் அளவில் மைனஸ் 65 சுமாராக இருக்கும் இடத்தில் மாட்டவும். மலிவான ரிப்பீட்டர்களில் வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலைவரிசையில் நடப்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். 50 எம்பி இணைப்பில் 20 எம்பி கிடைத்தாலும் வீடியோவுக்கு அது அதிகம், கவலை வேண்டாம்.

மெஷ் என்ற பெயரில் இரண்டு மூன்று பெட்டிகளாக விற்பதும் அடிப்படையில் இந்த வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் நடந்து போகும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இணைப்பு தானாக மாறும் என்பது அதன் வசதி. விலை பல மடங்கு. இரண்டு மாடி வீடு, ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்றால் வாங்கலாம். அம்மா பேசுவதற்காக என்றால் தேவையில்லை என்பது என் கருத்து.

ஒயர் வேண்டும், ஆனால் கண்ணில் படக்கூடாது

கிணற்றடிக்கு வேறு வழி தேவைப்பட்டது. கொல்லைப்பக்கம் சமையலறை ஜன்னல் வரை ஒரு நல்ல கருவி வந்துவிட்டால் போதும். அங்கிருந்து கிணறு 9 மீட்டர்தான், நடுவில் சுவர் இல்லை. கருவி வெளியே போக வேண்டியதே இல்லை. ஜன்னலுக்கு உள்பக்கம் இருந்துகொண்டு வெளியே பார்க்கட்டும்.

ரிப்பீட்டரைவிட ஒயர் மூலம் இணைத்த இரண்டாவது ரூட்டர் எப்போதும் மேல். வேகம் குறையாது. அந்த ஒயரை எப்படி மறைப்பது? எங்கள் எலக்ட்ரீஷியன்தான் வழி சொன்னார். "சார், சுவத்துக்குள்ள டெலிபோன் பைப் சும்மாதானே கிடக்கு?" லேண்ட்லைன் போனுக்கும் கேபிள் டிவிக்கும் வீடு கட்டும்போதே சுவருக்குள் பைப் போட்டிருப்பார்கள். பல வீடுகளில் இன்று அது பயனற்றுக் கிடக்கிறது. பழைய ஒயரின் ஒரு நுனியில் புதிய லேன் கேபிளைக் கட்டி, மறுபக்கம் இழுத்தால் பழையது வெளியே வரும், புதியது உள்ளே போகும். அரை மணி நேர வேலை. வளைவில் சிக்கினால் முரட்டுத்தனமாக இழுக்காமல் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விடலாம். 230 வோல்ட் ஒயர்கள் போகும் பைப்பில் மட்டும் லேன் கேபிளைச் சேர்த்து விடக்கூடாது. இதில் சமரசமே வேண்டாம். உறை தேய்ந்தால் மின்சாரம் ரூட்டர் வழியாக உங்கள் லேப்டாப்புக்கே வந்துவிடும்.

வெறும் பைப் இல்லாதவர்கள் வீட்டின் மின்சார ஒயரையே நெட்வொர்க்காகப் பயன்படுத்தும் பவர்லைன் அடாப்டரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒன்றை ரூட்டருக்குப் பக்கத்து பிளக்கிலும், மற்றதைத் தூரத்து பிளக்கிலும் செருக வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் நம் ஊரில் த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீடுகள் நிறைய. ஹால் ஒரு ஃபேஸில், சமையலறை இன்னொரு ஃபேஸில் இருந்தால் வேகம் படுத்துவிடும், அல்லது இணைப்பே கிடைக்காது. இன்வெர்ட்டர் லைனும் அப்படியே. பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையோடு வாங்குங்கள்.

வீட்டில் தூங்கும் பழைய ரூட்டரே இரண்டாவது ரூட்டராகும். முதலில் அதை லேப்டாப்பில் ஒயர் மூலம் இணைத்து, பிரவுசரின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 அல்லது அதன் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை டைப் செய்து என்டர் தட்டுங்கள். யூசர் நேம், பாஸ்வேர்டும் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும். உள்ளே போனதும் 'ஆக்சஸ் பாயின்ட்' என்ற தேர்வு இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து சேவ் செய்யவும், வேலை முடிந்தது. அந்தத் தேர்வு இல்லாத பழைய மாடல் என்றால் மூன்று மாற்றங்கள் செய்ய வேண்டும். அதன் லேன் முகவரியை முதல் ரூட்டரோடு மோதாதபடி 192.168.1.2 என்பது போல மாற்றவும். டிஹெச்சிபி என்பதை ஆஃப் செய்யவும்; முகவரி கொடுக்கும் அந்த வேலையை முதல் ரூட்டர் மட்டும் செய்யட்டும். ஹாலில் இருந்து வரும் கேபிளை வான் என்று எழுதிய போர்ட்டில் அல்ல, லேன் போர்ட் ஒன்றில் செருகவும்.

இரண்டு ரூட்டருக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்ட் கொடுங்கள். சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். 2.4ல் 1, 6, 11 ஆகிய மூன்றும்தான் ஒன்றோடொன்று மோதாதவை. ஹாலில் 1 என்றால் சமையலறையில் 6 அல்லது 11. வெளியே வந்த பிறகும் போன் ஹால் ரூட்டரையே பிடித்துக்கொண்டு தொங்கினால், வைஃபையை ஒரு முறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்.

கட்டாயம் வெளியேதான் மாட்ட வேண்டுமென்றால்

பெரிய தோட்டம், தனியாக நிற்கும் மாட்டுக் கொட்டகை, கேட் அருகே அலுவலக அறை என்றால் ஜன்னல் உபாயம் போதாது. அப்போது வெளிப்புறத்துக்கென்றே செய்த ஆக்சஸ் பாயின்ட் வாங்குங்கள். என்னைப் போல பிளாஸ்டிக் கவர் வேண்டாம். பெட்டியின் மேல் ஐபி 65 அல்லது ஐபி 67 என்று போட்டிருக்கும். முதல் எண் 6 என்றால் தூசி புகாது. இரண்டாவது எண் 5 என்றால் பீய்ச்சியடிக்கும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். நம் மழைக்கு 65 போதும்.

இதற்கு மின்சாரம் லேன் கேபிளிலேயே போகும். பவர் ஓவர் ஈதர்நெட் என்ற இந்த முறைக்கு 2003ல் தரம் வகுத்தார்கள். 48 வோல்ட் அளவு, 100 மீட்டர் நீளம் வரை போகும். மாடிக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து, ஈரத் தரையில் 230 வோல்ட்டைப் போட்டு வைக்கும் ஆபத்து இதில் இல்லை. ஒயரும் இரண்டுக்குப் பதில் ஒன்றுதான். வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை கொண்ட வெளிப்புற கேபிளாக, முழுச் செம்பாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதைக் குறைந்த விலைக்குத் தருவார்கள். மின்சாரமும் சேர்ந்து போகும் இடத்தில் அது சூடாகும். தெரியாமல் இருக்க வேண்டுமென்றால் மழைநீர்க் குழாயின் பின்பக்கமாக, சுவர் நிறத்திலேயே ஒரு பிவிசி பைப்புக்குள் விட்டு மேலே ஏற்றலாம். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு சிறு வளைவு விடுங்கள், மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் மாட்டாதீர்கள்.

மின்னலுக்கு, கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் லேன் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போட்டு, அதன் எர்த் ஒயரை வீட்டு எர்த்தோடு எலக்ட்ரீஷியனைக் கொண்டு இணைக்க வேண்டும். எர்த் இல்லாமல் மாட்டினால் அது வெறும் அலங்காரம். அப்போதும் இடி முழக்கம் கேட்டால் அந்த கேபிளைக் கழற்றிவிடுவதே நல்லது. தனிக் கட்டடத்துக்கு இணைப்பு கொண்டு போவதென்றால் செம்புக்குப் பதில் இரும்புக் கம்பி இல்லாத ஃபைபர் கேபிள் போடலாம். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் என்ற சிறு பெட்டி தேவைப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டார். 2.4 கிகாஹெர்ட்ஸைத் தனி லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்த 2005லேயே நம் நாட்டில் அனுமதி வந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு பகுதியைக் கட்டடத்துக்குள் மட்டும்தான் பயன்படுத்தலாம் என்று இருந்தது. 2018ல் வந்த விதிகள் வெளியிலும் அனுமதித்தன. எனவே கடையில் முறையாக விற்கும் கருவியை மாடியில் வைக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் சிக்னல் மாடிக்கு வந்தால் தெருவுக்கும் வரும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஒரு அமெரிக்கரின் பூட்டப்படாத வைஃபை வழியாகப் போனது. போலீஸ் முதலில் அவர் வீட்டுக்குத்தான் வந்தது. எனவே ரூட்டர் செட்டிங்ஸில் செக்யூரிட்டியை டபிள்யூபிஏ 2 அல்லது 3 என்று வையுங்கள். பாஸ்வேர்ட் 12 எழுத்துக்குக் குறைய வேண்டாம், உங்கள் செல்போன் நம்பரும் வேண்டாம். டபிள்யூபிஎஸ் என்பதை ஆஃப் செய்யவும். ரூட்டருக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றவும். பலர் மறப்பது இதைத்தான். பழைய ரூட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் அதிலும் இதே மாற்றங்களைச் செய்ய வேண்டும். அதில் டபிள்யூஈபி மட்டும்தான் இருக்கிறது என்றால் அதை மறுபடி பரண் மேலேயே போட்டுவிடுங்கள்.

மின்வெட்டு வந்தால்தான் வீட்டில் எல்லோரும் மாடிக்கு ஏறுவோம், அந்த நேரத்தில் ரூட்டரும் அணைந்திருக்கும் என்பது வேடிக்கை. ரூட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் விற்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் ரூட்டர் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் ஒன்று வேண்டும், ஹெட்ரூம் ரிப்பீட்டர் இன்வெர்ட்டர் லைனில் இருக்க வேண்டும்.

கிணற்றடியில் இப்போது மைனஸ் 59. தென்னைக்கு அந்தப் பக்கம், கோழிக் கூண்டருகே மட்டும் 78 காட்டுகிறது. அங்கும் வேண்டும் என்று பேரன் கேட்கிறான்; கோழிகளை வீடியோவில் பார்க்க வேண்டுமாம். அம்மா ஒரு கோழியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்துவிடுகிறார்.